ஜோடி சேக்குற விளையாட்டும் அதோட இருநூறு வருசக் கதையும்

போன மார்கழியில மக பேரனைக் கூட்டிக்கிட்டு பத்து நாள் தோட்டத்துக்கு வந்திருந்தா. பேரனுக்கு ரெண்டரை வயசு. பேச்சு இன்னும் வரல. "அப்புச்சி"ன்னு ஒரு தடவை கூப்பிட்டுட மாட்டானான்னு எனக்கு ஏக்கம். சொந்தக்காரங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. "அவங்கப்பனும் மூணு வயசுலதான் பேசுனான், விடுங்க"ன்னு ஒருத்தர். "கோயில்ல மணி கட்டுங்க"ன்னு இன்னொருத்தர். மக யாரு பேச்சையும் கேக்காம முறையா டாக்டர்கிட்ட காட்டிட்டா. காது நல்லா கேக்குது. வாரம் ரெண்டு நாள் பேச்சுப் பயிற்சி. வீட்டுலயும் ஒரே மாதிரி ரெண்டு பொருளை ஜோடி சேக்குற விளையாட்டு விளையாடுங்கன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க.

அதுக்குன்னு மக ஒரு அட்டைப்பெட்டி வாங்கி வந்திருந்தா. குளிர்காலப் படங்களாம். பனிமனுசன், கம்பளிக் கையுறை, சறுக்கு வண்டி, கலைமான். எல்லாம் ரெண்டு ரெண்டு. பேரன் ரெண்டு நாள் பாத்தான். மூணாம் நாள் கலைமானைக் கடிச்சுப்போட்டான். அவனைக் குத்தம் சொல்ல முடியாது. கம்பளிக் கையுறையை நானே கொடைக்கானல் கடைத்தெருவுலதான் பாத்திருக்கேன்.

எங்க தோட்டம் பழனிக்குப் பக்கத்துல. தெக்க பாத்தா கொடைக்கானல் மலை. மார்கழிக் காலையில எட்டு மணி வரைக்கும் அந்த மலையே இருக்காது, அத்தனை பனி. நம்ம ஆளுக வருசத்தை ஆறாப் பிரிச்சு மார்கழி, தையை முன்பனிக்காலம்னும் மாசி, பங்குனியைப் பின்பனிக்காலம்னும் சொன்னாங்க. ஐரோப்பாவுல கொட்டுறதும் பனிதான், இங்க மொச்சைப் பூவுமேல நிக்கிறதும் பனிதான். சொல்லு ஒண்ணு, பொருள் வேற. பேரனுக்குத் தெரிஞ்சது மொச்சைப் பூப் பனி.

அதனால நானே ஒரு விளையாட்டு செஞ்சேன். முறத்துல ஆவாரம்பூக் கொத்து, மாவிலை, மொச்சைக்காய்னு வரிசையா வச்சேன். அதே மூணும் இன்னொரு ஜோடி அவன் கையில. முதல் நாள் தடுமாறுனான். மறுநாள் மூணையும் சரியா அதது பக்கத்துல வச்சுட்டான். வீடே கைதட்டுச்சு. எனக்கு ஒரு சந்தேகம். முறத்துல இருந்த வரிசையை மாத்தி வச்சுப் பாத்தேன். பையன் பழைய வரிசையிலயே வச்சான். மாவிலைக்குப் பக்கத்துல மொச்சைக்காய். எம் முகம் வாடிப்போச்சு. "பச்சப்புள்ளையைப் போயி சோதிக்கிறீங்களே"ன்னு வீட்டுக்காரம்மா முறத்தைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. இந்த விளையாட்டை மொதல்ல யாருதான் கண்டுபிடிச்சாங்கன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சப்புறம் மனசு கொஞ்சம் ஆறுச்சு. என்னைய மாதிரியே ஒருத்தர் இருநூறு வருசத்துக்கு முன்னால முகம் வாடி நின்னிருக்கார்.

1800 ஜனவரி. தெற்கு பிரான்சில் அவேரோன் பகுதி. நல்ல குளிர்காலம். காட்டிலிருந்து ஒரு பையன் ஒரு கிராமத்துக்குள் வந்து சேர்ந்தான். உடம்பில் கிழிந்த சட்டை ஒன்றுதான். வயது பதினொன்று, பன்னிரண்டு இருக்கலாம். பேச்சு கிடையாது. அந்த வருஷமே அவனைப் பாரிசுக்குக் கொண்டுபோய், காது கேளாத குழந்தைகளுக்கான பள்ளியில் சேர்த்தார்கள். பெரிய பெரிய டாக்டர்கள் பார்த்துவிட்டு, இவன் பிறவியிலேயே மூளை வளராதவன், ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிட்டார்கள். இதார் என்ற 26 வயது இளம் டாக்டர் மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முன்வந்தார். பையனுக்கு விக்டர் என்று பெயர் வைத்தார். கெரேன் என்ற அம்மா அவனைத் தாய் மாதிரி கவனித்துக்கொண்டார்.

இதார் 1801-ல் எழுதிய அறிக்கையில ஒரு இடம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரு நாள் காலையில தோட்டம் முழுக்க வெண்பனி கொட்டிக் கிடக்கு. விக்டர் எந்திரிச்சதும் சந்தோசத்துல கத்திக்கிட்டு, பாதி உடுப்போட வெளியே ஓடி, பனியில புரண்டு, அள்ளி அள்ளித் தின்னிருக்கான். யாரும் அவனுக்குப் பனியைப் படத்துல காட்ட வேண்டியிருக்கல. அது அவனோட காலம், அவனோட பொருள்.

அவனுக்கு எழுத்தும் பேச்சும் கற்றுக்கொடுக்க இதார் எடுத்த முதல் படிகளில் ஒன்றுதான் ஜோடி சேர்த்தல். ஒரு கரும்பலகையில் சாவி, கத்தரிக்கோல், சுத்தியல் இவற்றின் வெளிக்கோட்டை வரைந்தார். அந்தந்தப் பொருளை அந்தந்தப் படத்தில் வைக்கப் பழக்கினார். விக்டர் சீக்கிரமே சரியாக வைத்தான். இதார் படங்களின் இடத்தை மாற்றினார். விக்டர் பழைய வரிசையிலேயே வைத்தான்!

இதைப் படிச்சதும் நான் எந்திரிச்சு உக்காந்துட்டேன்.

பையன் படத்தையும் பொருளையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, இடத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறான் என்று இதாருக்குப் புரிந்தது. அவர் திட்டவில்லை, விட்டுவிடவும் இல்லை. படங்களின் எண்ணிக்கையைக் கூட்டினார். அடிக்கடி இடம் மாற்றினார். ஞாபகம் தாங்காத அளவுக்கு வந்ததும் விக்டருக்கு வேறு வழியில்லை. பொருளைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், ஒப்பிட்டான். அடுத்து வட்டம், முக்கோணம், சதுரம் என்று வண்ணக் காகிதங்கள். அதற்கப்புறம் உலோக எழுத்துகள்.

இதாரின் வழியில் செகன் என்ற டாக்டர் வந்தார். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான கல்வியைப் பற்றி 1846-ல் பெரிய புத்தகம் எழுதினார். இந்த இரண்டு பேர் எழுத்தையும் இத்தாலிய மொழியில் கையாலேயே எழுதி எழுதிப் படித்தவர்தான் மரியா மாண்டிசோரி. 1907 ஜனவரியில் ரோம் நகரத்தின் ஏழைகள் குடியிருப்பு ஒன்றில் அவர் முதல் குழந்தைகள் இல்லம் தொடங்கினார். அவருடைய வண்ணப் பெட்டிகளில் முதல் பெட்டியைப் பார்த்தால் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் இரண்டிரண்டாக இருக்கும். ஜோடி சேர்க்க வேண்டியதுதான். ஆட்டினால் சத்தம் வரும் குப்பிகள் ஆறு ஜோடி. கண்ணை மூடிக்கொண்டு காதாலேயே ஜோடி சேர்க்கலாம்.

அந்த அம்மா நம்ம ஊருக்கும் வந்திருக்காங்க. 1939-ல் சென்னை அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் ஆசிரியர் பயிற்சி நடத்த வந்தார். சில மாதங்களில் திரும்புவதாகத்தான் திட்டம். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், அவரும் மகன் மரியோவும் எதிரி நாட்டுப் பிரஜைகள் ஆகிவிட்டார்கள். மகனை அகமதுநகர் முகாமில் அடைத்தார்கள். தாயை அடையாறு வளாகத்தைத் தாண்ட விடவில்லை. ஆகஸ்ட் 31, அவருடைய எழுபதாவது பிறந்த நாள். அன்றைக்கு வைஸ்ராய் மகனை விடுவித்துத் தாயிடம் அனுப்பினார்.

1942 முதல் 1944 வரை இருவரும் இருந்த இடம் கொடைக்கானல். எங்க தோட்டத்துல நின்னா தெரியுதே, அதே மலை. அங்கே பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்துச் சிறு பள்ளி நடத்தினார்கள். சுற்றிலும் இருந்த செடி கொடி, உயிரினங்களே பாடத்தின் பெரும்பகுதி ஆயின. இத்தனை வருசம் அந்த மலையை மழை வருமான்னு மட்டுந்தான் பாத்திருக்கேன்.

ஆனா மாண்டிசோரிப் பொருளுக விலை கிராமத்துக்குக் கட்டுபடி ஆகாது. வழவழன்னு இழைச்ச மரம், அளவு பிசகாத வேலை. இதுக்கு வழி சொன்னவர் தாராபாய் மோடக். மாண்டிசோரி முறையில் வேலை செய்தவர்தான். 1945-ல் மகாராஷ்டிரக் கடலோரக் கிராமம் போர்டியில் பாலர் பள்ளி தொடங்கினார். அனுதாய் வாக் அவருக்குத் துணை. விலை உயர்ந்த பெட்டிகளுக்குப் பதிலாக இலை, பூ, விதை, சிப்பி, கூழாங்கல். பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடி, அவர்கள் வீட்டு முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார்கள். முற்றத்துக்கு அங்கே 'ஆங்கன்' என்று பெயர். அதிலிருந்து பிறந்த சொல்தான் அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2 அன்று அரசு தொடங்கிய திட்டத்தோடு அந்தச் சொல் நாடு முழுக்கப் போய், எங்க ஊர்ப் பள்ளிக்கூடச் சுவத்துலயும் ஏறுச்சு.

ஆக, முறத்துல மாவிலை வச்சதுல நான் புதுசா ஒண்ணும் செஞ்சிடல.

மறுநாள் திரும்ப உக்காந்தோம். இதார் செஞ்சதை அப்படியே செஞ்சேன். மூணு பொருளை ஆறாக்கினேன். ஆவாரம்பூ, மாவிலை, மொச்சைக்காய் கூட வேப்பிலை, பூளைப்பூ, கரும்புத் துண்டு. பொங்கலுக்குக் காப்புக் கட்டுறதுக்குத் தேடுற சரக்குதான் பாதி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இடத்தை மாத்துனேன். ரெண்டு நாள் தப்பு. மூணாம் நாள் கையில பூளைப்பூவை வச்சுக்கிட்டு நின்னான். முறத்தைப் பாத்தான், கையைப் பாத்தான், திரும்ப முறத்தைப் பாத்தான். அந்த நிமிசத்துல யாரும் கைதட்டல. மூச்சே விடல. சரியா வச்சான்.

நீங்க உங்க வீட்டுல செய்யறதா இருந்தா, அனுபவத்துல ரெண்டு வார்த்தை. மொதல்ல ரொம்ப வித்தியாசமான பொருள் வையுங்க. அவரைக்காயையும் மொச்சைக்காயையும் பக்கத்துல வைக்கிறதெல்லாம் பின்னால. சின்ன விதைகளைச் சும்மா குடுத்துடாதீங்க, வாயிலயும் மூக்குலயும் போட்டுக்கும். மூடி இறுக்கி ஒட்டுன டப்பாவுக்குள்ள போட்டு ஆட்டிக் காட்டலாம். குன்றிமணியும் ஆமணக்கு முத்தும் பாக்க அழகு, ரெண்டும் விசம், பக்கத்துலயே வேண்டாம்.

விக்டர் கதையை முழுசாச் சொல்லிடணும். அவனுக்குப் பேச்சு கடைசி வரைக்கும் வரல, ரெண்டொரு சொல்லைத் தவிர. 1828-ல பாரிசுலயே இறந்துபோனான். கடைசி வரைக்கும் கெரேன் அம்மாதான் பாத்துக்கிட்டாங்க. ஆனா ஒரு நாள், வழக்கமா பால் குடிக்கிற வீட்டுக்குப் போகும்போது, யாரும் சொல்லாம நாலு உலோக எழுத்தைப் பையில போட்டுக்கிட்டுப் போயி, அந்த வீட்டு மேசையில 'பால்'னு பிரெஞ்சுல அடுக்கி வச்சிருக்கான். வாய் பேசலைன்னாலும் கேக்கத் தெரிஞ்சுக்கிட்டான்.

ஜோடி விளையாட்டு பேச்சைக் கொண்டுவந்துடும்னு நான் சொல்ல மாட்டேன். பயிற்சியும் டாக்டரும் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. பொங்கலுக்கு முந்துன நாள், பேரன் ஒத்தை மொச்சைக்காயை எடுத்துக்கிட்டு அடுப்படிக்குப் போனான். அம்மாயி அவன் திங்கக் கேக்குறான்னு நெனச்சாங்க. அவன் காயை ஒரு கையில தூக்கிக் காட்டி, இன்னொரு கையால சீலையைப் பிடிச்சு இழுத்துக் கூடை வரைக்கும் கூட்டிப் போனான். இன்னொரு காய் வேணுமாம், ஜோடிக்கு.

எடுத்துக் குடுத்தாங்க. வாங்கிக்கிட்டு முறத்துக்கு ஓடினான்.