சிங்காநல்லூரிலிருந்து வாடகைக் கார்ப் பயணம்

கோயம்புத்தூர் மாநகரின் கிழக்குப் பகுதியான சிங்காநல்லூரில் கார் வாடகைக்கு எடுத்து வெளியூர் போவது மூன்று விதமாக நடக்கிறது. ஓட்டுநரோடு வண்டி எடுப்பது பழைய முறை. வண்டியை மட்டும் வாங்கித் தாமே ஓட்டிச் செல்வது ‘செல்ஃப் டிரைவ்’. சொந்தக் கார் வைத்திருந்தும் மலைப்பாதைக்கோ நெடுந்தூரத்துக்கோ தயங்குபவர்கள் நாள் சம்பளத்துக்கு ‘ஆக்டிங் டிரைவர்’ அமர்த்திக்கொள்கிறார்கள். இக்கட்டுரை முதல் இரண்டைப் பற்றியது.

ஊரின் அமைப்பு

சிங்காநல்லூர், தேசிய நெடுஞ்சாலை 81-இன் தொடக்கப் பகுதியான திருச்சி சாலையில் இருக்கிறது. திருச்சி, மதுரை, தஞ்சாவூர், கரூர், திண்டுக்கல் பேருந்துகள் இங்குள்ள பேருந்து நிலையத்திலிருந்தே புறப்படுவதால், அந்த ஊர்களுக்குப் போக இப்பகுதிக்காரர்கள் கார் தேடுவது குறைவு. மலைக்குப் போவதென்றால்தான் சிக்கல். ஊட்டிப் பேருந்து மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்து நிலையத்தில், பொள்ளாச்சிப் பேருந்து உக்கடத்தில். வயதானவர்களையும் குழந்தைகளையும் மூட்டை முடிச்சுகளோடு கூட்டிக்கொண்டு, நகரின் குறுக்கே ஒரு பேருந்து, உக்கடத்தில் இன்னொன்று, பொள்ளாச்சியில் மற்றொன்று என்று மாறி வால்பாறை போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். இங்கே வாடகைக் காருக்கு இருக்கும் மதிப்பு பெரும்பாலும் இதிலிருந்து வருவதுதான். காமராஜர் சாலை வழியாக ஹோப் காலேஜைத் தாண்டினால் விமான நிலையம் பக்கம். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள் செல்ஃப் டிரைவ் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மோட்டார் தொழில் இப்பகுதிக்குப் புதிதல்ல. கோவைக்காரரான ஜி.டி. நாயுடு 1920-இல் ஒரே ஒரு பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஓட்டித்தான் தம் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார். அவிநாசி சாலையில் கோல்டுவின்ஸ் முதல் உப்பிலிபாளையம் வரை 10.1 கி.மீ. நீளத்துக்குக் கட்டப்பட்டு 2025 அக்டோபர் 9 அன்று திறக்கப்பட்ட மேம்பாலத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

ஓட்டுநரோடு எடுக்கும் வண்டி

உள்ளூர் டிராவல்ஸ்காரர்கள் வெளியூர்ப் பயணத்துக்குக் கிலோமீட்டர் கணக்கில் வாடகை பேசுகிறார்கள். ஒரு நாளுக்குக் குறைந்தபட்சம் 250 அல்லது 300 கி.மீ. என்பது பொதுவான பேச்சு. பழநிக்குப் போய் வந்தால் 220 கி.மீ. அளவில்தான் வரும், ஆனாலும் 250-க்குப் பணம் கொடுக்க வேண்டும். அதனால் பழநியோடு நிறுத்தாமல், திரும்பும் வழியில் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலையும் சேர்த்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. கிலோமீட்டரை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் வாக்குவாதம் வரும். ‘ஷெட் டு ஷெட்’ என்றால், வண்டி தன் இடத்தை விட்டுக் கிளம்பியது முதல் மறுபடி அங்கே போய் நிற்கும் வரை எல்லாம் கணக்கு. வண்டி நிற்கும் இடம் சரவணம்பட்டியாக இருந்தால், சிங்காநல்லூருக்கு வந்து போகும் தூரமும் நம் தலையில் ஏறும். ஓட்டுநர் பேட்டா, சுங்கம், பார்க்கிங், வெளிமாநில வரி, மலைக்குத் தனிக் கட்டணம் ஆகியவை இதற்கு மேல் வரும். ஒரு வழிக்கு மட்டும் போவோருக்கு ‘டிராப் டாக்ஸி’ இருக்கிறது.

நம்பர் பலகையின் நிறம்

செல்ஃப் டிரைவ் எடுக்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது எண் பலகை. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் அது சொந்தப் பயன்பாட்டு வண்டி. ஊர்ப் பேச்சில் ‘ஓன் போர்டு’. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் ஓட்டுநரோடு ஓடும் டாக்ஸி, ‘டி போர்டு’. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் வாடிக்கையாளரே ஓட்டிச் செல்ல அனுமதி பெற்ற வண்டி. இந்த மூன்றாவது வகை, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 75-ஆம் பிரிவின் கீழ் 1989-இல் வந்த வாடகைக் கார்த் திட்டத்தில் அடங்கும். அந்தத் திட்டப்படி உரிமம் பெற, குறைந்தது 50 கார்கள் இருக்க வேண்டும்.

அந்த 50 என்ற எண்தான் வினை. நான்கைந்து கார் வைத்துத் தொழில் செய்ய நினைக்கும் சிறு முதலாளிக்கு நேர்வழி கிடையாது. ஆகவே நண்பரின் வண்டி, உறவினரின் வண்டி என்ற பெயரில் ஓன் போர்டுக் கார்கள் வாடகைக்குப் போகின்றன. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி வாடகை பேசுகிறார்கள். வாடகை குறைவாக இருக்கும். பிடிபட்டால், அனுமதிச் சீட்டு இல்லாமல் வாடகைக்கு ஓட்டியதாக மோட்டார் வாகனச் சட்டத்தின் 192-ஏ பிரிவின்படி வழக்கு. அபராதம் 10,000 ரூபாய், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து காப்பீட்டில் இருக்கிறது. தனியார் கார் பாலிசியில் ‘வாடகைக்குப் பயன்படுத்தக் கூடாது’ என்ற நிபந்தனை உண்டு. விபத்து நடந்த வண்டி வாடகையில் ஓடியது என்று தெரிந்தால், வண்டிச் சேதத்துக்கான பணத்தைக் காப்பீட்டு நிறுவனம் தர மறுக்கலாம். டிங்கரிங் செலவு முழுவதையும் ஓட்டியவரிடம் கேட்பார்கள். இரண்டு நாள் வாடகையில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க இந்த ஆபத்தை விலைக்கு வாங்குவது புத்திசாலித்தனம் ஆகாது.

பெங்களூரில் 2013-இல் தொடங்கிய ஜூம்கார் போன்ற நிறுவனங்கள் செயலி வழியாகக் கோவையிலும் வண்டி தருகின்றன. செயலியில் எடுத்தாலும் பலகையின் நிறத்தைப் பார்த்துக்கொள்வதில் தவறில்லை. எம்-பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டால் வண்டியின் வகை, காப்பீடு, தகுதிச் சான்று, புகைச் சான்று எல்லாம் தெரிந்துவிடும்.

உரிமமும் வண்டி வாங்கும் நேரமும்

டாக்ஸி வகை வண்டியை ஓட்டத் தனி ‘பேட்ஜ்’ வேண்டுமா என்ற குழப்பம் நெடுநாள் இருந்தது. இலகுரக வாகன உரிமமே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது. 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் அதை உறுதி செய்தது. கறுப்புப் பலகை வண்டிக்குச் சாதாரணக் கார் உரிமம் போதும். பெரும்பாலான நிறுவனங்கள் 21 வயது நிறைந்திருக்க வேண்டும் என்கின்றன. முன்பணமும் கேட்கும்.

வண்டியைக் கையில் வாங்கும்போது அவசரம் கூடாது. பகல் வெளிச்சத்தில் நான்கு பக்கமும் நடந்து கைபேசியில் காணொளி எடுத்துக்கொள்வது நல்லது. பம்பரின் கீழ் விளிம்பு, அலாய் சக்கரத்தின் ஓரம், கண்ணாடியில் கல்பட்ட புள்ளி ஆகிய மூன்றும் திருப்பிக் கொடுக்கும்போது தகராறு வரும் இடங்கள். பெட்ரோல் முள், ஓடிய கிலோமீட்டர் இரண்டும் தெரியும்படி டாஷ்போர்டைப் படமெடுக்க வேண்டும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா, ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம். வாடகை வண்டிகளில் 80 கி.மீ. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தியிருப்பார்கள். நெடுஞ்சாலையில் முந்தும்போது அதை மறந்துவிடக் கூடாது.

மலைப் பாதைகள்

நீலகிரிக்கு இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வந்தது. அதே ஆண்டு நவம்பர் 1 முதல் வால்பாறையும் இ-பாஸ் பட்டியலில் சேர்ந்தது. நீலகிரி இ-பாஸில் டி.என். 43 பதிவு கொண்ட உள்ளூர் வண்டிகளுக்கு விலக்கு உண்டு. கோவையின் 37, 38, 66, 99 எண்களுக்குக் கிடையாது. விண்ணப்பத்தில் வண்டி எண்ணைக் கேட்பார்கள். செல்ஃப் டிரைவில் எந்த வண்டி வரும் என்பது சில நேரம் கடைசியில்தான் தெரியும். ஆகவே எண்ணை முன்கூட்டியே கேட்டு வாங்கி, பாஸ் எடுத்த பிறகே கிளம்ப வேண்டும். இல்லாவிட்டால் கல்லாறிலோ குஞ்சப்பனையிலோ சோதனைச் சாவடியில் நிற்க வேண்டியதுதான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குக் குன்னூர் வழி ஒன்று, கோத்தகிரி வழி ஒன்று. கோடை சீசனில் ஏற்றத்துக்குக் குன்னூர், இறக்கத்துக்குக் கோத்தகிரி என்று ஒருவழியாக்கிவிடுகிறார்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கம் மிகச் செங்குத்து. 2018 அக்டோபரில் சென்னைக்காரர்கள் சென்ற கார் பள்ளத்தில் விழுந்து ஐவர் இறந்தனர். அதன் பிறகு வெளியூர் வண்டிகளை அவ்வழியே இறங்க விடுவதில்லை. வரைபடச் செயலி அதைக் குறுக்கு வழி என்று காட்டினாலும் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கி.மீ.; ஆழியாறைத் தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. கீழே ஆழியாறு அணை முழுதாகத் தெரியும். ஏறும் வண்டிக்கே முன்னுரிமை; இறங்குபவர் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது சாலை விதி. சமவெளியில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது தெரிவதில்லை. இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே வர வேண்டும். நியூட்ரலில் உருட்டி, பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் கருகிய வாடை வரும். அப்போதே ஓரங்கட்டி நிறுத்தி ஆறவிடுவது நல்லது. வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி வழியாகச் சாலக்குடி இறங்கும் காட்டுப் பாதையை இரவில் மூடிவிடுவார்கள். பந்திப்பூர் வழியாக மைசூர் போகும் சாலையும் இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். வால்பாறைத் தேயிலைத் தோட்டச் சாலைகளில் யானை குறுக்கே வந்தால் ஹாரன் அடிக்காமல், விளக்கைத் தாழ்த்தி, பின்னால் நகர்வதுதான் ஓட்டுநர்களின் வழக்கம்.

கடல் கடந்து

நிறத்தாலோ எழுத்தாலோ வாடகை வண்டியை அடையாளம் காட்டுவது வேறு நாடுகளிலும் உண்டு. கரீபியத் தீவான பார்படாஸில் வாடகைக் காரின் எண் ‘எச்’ என்ற எழுத்தில் தொடங்கும். ஓட்டுபவர் வெளியூர்க்காரர் என்று பார்த்ததும் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். பார்படாஸ், ஜமைக்கா, டிரினிடாட் ஆகிய தீவுகளில் நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போன குவாதலூப், மார்த்தினிக் தீவுகளில் பிரெஞ்சு வழக்கப்படி வலப்பக்கம். இங்கிருந்து வெளிநாடு போய்க் கார் எடுக்க நினைப்பவர், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 4-ஏ படிவம் கொடுத்துப் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளலாம். அதற்குக் கட்டணம் 1,000 ரூபாய். ஓராண்டு செல்லும், உள்ளூர் உரிமத்தையும் கூடவே வைத்திருக்க வேண்டும்.