மையம் தப்பிய உலை

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பிராந்தியத்திலே, செவர்ன் நதியை நோக்கி இறங்கும் ஒரு குறுகிய பள்ளத்தாக்கில், கோல்புரூக்டேல் என்னும் சிற்றூரிலே, நெருப்பு அவிந்து இரண்டு நூற்றாண்டாகியும் இன்னும் காப்புக் கூரையின் கீழ் நின்றுகொண்டிருக்கும் ஊதுலை ஒன்றுண்டு. பிரிஸ்டலில் பித்தளைத் தொழில் நடத்திவந்த ஆபிரகாம் டார்பி என்பவர், பாழாய்க் கிடந்த அந்த உலையை 1708-இல் குத்தகைக்கு எடுத்து, மறு வருஷமே மரக்கரிக்குப் பதிலாகக் கல்கரியைப் போட்டு அதில் இரும்பை உருக்கினார். பச்சை நிலக்கரியிலுள்ள கந்தகம் இரும்போடு கலந்தால் இரும்பு நொறுங்குந்தன்மை அடைந்துவிடும். ஆகையால் கரியை முன்னதாகவே காற்றோட்டத்தை அடக்கிச் சுட்டு, கந்தகத்தின் பெரும்பகுதியைப் போக்கிக் கல்கரியாக்கிய பின்னரே உலையில் இட்டார்கள். காட்டை வெட்டிக் கரி சுட்டால்தான் இரும்பு என்றிருந்த நிலை மாறுவதற்கு இந்த உலையே பிள்ளையார் சுழி போட்டது.

நம் கிராமத்துக் கொல்லன் உலையிலே கையால் இழுக்கும் துருத்தி செய்கிற காரியத்தை, அங்கே ஓடைநீரால் சுழலும் சக்கரம் ஒன்று பெருந்துருத்திகளை மாறி மாறி அமுக்கிச் செய்தது. மேல்வாய் வழியாகக் கொட்டிய தாதுமண்ணும் கல்கரியும் சுண்ணாம்புக்கல்லும், நடுவிலே பருத்த வயிற்றைக் கடந்து, சரிந்து ஒடுங்கும் கீழ்ப்பகுதியில் இறங்க இறங்க உஷ்ணம் மிகுந்து, அடித்தொட்டியில் இரும்பு உருகித் தேங்க, கசடு அதன்மேல் மிதக்கும். ஒரு தடவை மூட்டிய உலை மாதக்கணக்கில் இரவு பகல் எரிய வேண்டியது. கோடையில் ஓடை வற்றினால் சக்கரம் நிற்கும், துருத்தி ஓயும், தொழிலே முடங்கும். அதற்கஞ்சியே, வழிந்தோடிய நீரை மீண்டும் மேல்குளத்துக்கு ஏற்றுவதற்கு 1740-களில் நீராவி இயந்திரம் ஒன்றை அங்கே நிறுவினார்கள்.

1818 வாக்கில் உலை ஓய்ந்தது. காலப்போக்கில் மண்ணும் குப்பையும் மூடிக்கொண்டன. 1950-களில் அகழ்ந்தெடுத்து, 1959-இல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவைத்தார்கள்.

இத்தகைய சிதிலத்தை அளந்து, அடிக்கு அரை அங்குலமாகக் குறுக்கி, மேஜைமீது வைக்கத்தக்க மாதிரியுருவாகச் செய்ய முற்படுகிறவர், அளவுநாடாவும் ரசமட்டமும் குண்டுநூலும் கையிலிருந்தால் போதுமென்றுதான் முதலில் நினைப்பார். நாடாவை விரிக்கும் முன்பே ஒரு கேள்வி அவரை மறிக்கும்: எந்த வருஷத்து உலையை அவர் செய்யப்போகிறார்? முகப்பின் வார்ப்பிரும்பு உத்தரங்களைப் பார்த்தால், மேலே இருப்பதில் டார்பி என்ற பெயரும் 1777 என்ற ஆண்டும் பொறித்திருக்கின்றன. கீழேயுள்ள பழைய உத்தரத்திலே இப்போது வர்ணமிட்டுத் தெரியும் எண் 1638; முற்காலத்துப் புகைப்படத்திலோ அது 1658. ஆகவே கண்முன் நிற்பது ஒரே நாளில் எழுந்த கட்டடமன்று. ஒருவர் கட்டியதை மற்றொருவர் புதுப்பித்து, வேறொருவர் விஸ்தரித்து, ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்த சரித்திரம்.

உலையின் உட்புறத்தை அளப்பதற்கு எளிய முறை, மேல்வாயின் மத்தியிலிருந்து குண்டுநூலைத் தொங்கவிட்டு, அடிக்கு அடி நான்கு திசையிலும் சுவர் எவ்வளவு விலகியிருக்கிறதென்று குறித்துக்கொண்டு, அக்குறிகளைக் காகிதத்தில் கோடிட்டு இணைப்பது. இருபுறமும் ஒத்து வரவேண்டிய அந்தக் கோடு இங்கே ஒத்து வருவதில்லை. உலையின் வாய் மையத்தில் இல்லை. கொத்தனார் பிசகென்று இதைத் தள்ளிவிடுகிறவர் ஏமாந்துபோவார். முதல் டார்பியின் பேரரான மூன்றாம் ஆபிரகாம் டார்பி, செவர்ன் நதியின்மீது 1779-இல் எழுந்த இரும்புப் பாலத்துக்கு, அதாவது சுமார் 100 அடி இடைவெளியைத் தாண்டி 378 டன்னுக்குமேல் இரும்பைக் கொண்ட அந்தப் பாலத்துக்கு, வார்ப்புகள் வேண்டியே இவ்வுலையைப் பெரிதாக்கினார் என்று கருதப்படுகிறது. அவ்வாறு பெரிதாக்கியபோது, முன்புறமும் இடப்புறமும் மட்டுமே உலையின் கீழ்ச்சரிவைப் புதிதாக அமைத்தார்; மற்றப் பக்கங்களிலும் அமைப்பதானால் நீர்ச்சக்கரத்தை இடம் பெயர்க்க வேண்டியிருந்திருக்கும். அந்தச் சிரமத்தைத் தவிர்த்ததன் பலன், உலையின் வயிறு ஒரு பக்கமாகப் பருத்தது.

சக்கரமும் துருத்தியும் மரமாகையால் கல்லைப் போல் காலத்தை வெல்லவில்லை. அவற்றையும் மாதிரியில் வைக்க விரும்புகிறவர் தாராளமாக வைக்கட்டும். ஆயினும் அளந்து செய்த பாகத்துக்கு ஒரு நிறமும், அனுமானித்துச் செய்த பாகத்துக்கு வேறு நிறமும் கொடுத்து, பார்ப்பவர் இரண்டையும் பகுத்தறியும்படி விடுவதே நேர்மை. உலையின் வாயை மாத்திரம் அழகை உத்தேசித்து மையத்துக்கு நகர்த்திவிட வேண்டாம். மறைந்துபோன சக்கரம் எந்தப் பக்கம் நின்றது என்பதற்கு அந்தக் கோணலே சாக்ஷி.