மும்பையின் செல்ல நாய்களும் முழங்கால் சில்லும்

முழங்கால் சில்லு இடம் மாறும் நோய் நாய்க்கு மட்டுமல்ல, மாட்டுக்கும் எருமைக்கும் வரும். இத்தகைய விலங்குகளை நம்பியிருந்த பம்பாயில் குதிரை டிராம் ஓடத் தொடங்கிய 1874-ஆம் ஆண்டிலேயே அங்கே விலங்கு வதைத் தடுப்புச் சங்கமும் அமைந்தது. ஆலை அதிபர் தின்ஷா மானெக்ஜி பெட்டிட்டின் கொடையால் பரேலில் எழுந்த விலங்கு மருத்துவமனைக்கு அவர் மனைவி சாகர்பாயின் பெயர் வைக்கப்பட்டது. அந்த வளாகத்திலேயே 1886-இல் பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. பாரம் இழுத்தும் பால் கொடுத்தும் நகரத்தைத் தாங்கிய விலங்குகளின் காலம் அது.

மாட்டின் சில்லு தொடை எலும்பின் உள்விளிம்புக்கு மேலே ஏறி மாட்டிக்கொள்ளும். பின்னங்கால் மடங்காமல் விறைத்து, குளம்பு தரையில் இழுபடும். மாட்டின் சில்லைக் கீழே பிடித்திருக்கும் நார்கள் மூன்று. மரத்துப்போக ஊசி போட்டு உள்பக்க நாரை மட்டும் அறுத்துவிட்டால் சில நிமிடங்களில் கால் விடுபடும். இவ்வளவு எளிதாக, இவ்வளவு உடனடியாகப் பலன் தரும் அறுவை கால்நடை மருத்துவத்தில் அதிகமில்லை.

நாய்க்கு இந்த வழி இல்லை. அதன் சில்லைப் பிடித்திருப்பது ஒரே நார். சில்லு மேலே மாட்டுவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் நழுவும். சிறிய இனங்களில் பெரும்பாலும் உள்பக்கமாக. தொடை எலும்பில் சில்லு அமரும் பள்ளம் ஆழமில்லாமல் இருப்பதும், கால் எலும்புகள் வளைந்து வளர்வதும், நார் பற்றும் எலும்பு முனை விலகி நிற்பதுமே காரணம். மூன்றும் பரம்பரையோடு தொடர்புடையவை.

மும்பையில் இது வீட்டுப் பிரச்சினையானது நகரம் மாறியபோது. 1907-இல் டிராம் மின்சாரத்துக்கு மாறியது. 1949-இல் உருவான ஆரே பால் காலனிக்கு எருமைகள் நகர்ந்தன. மாட்டுங்கா, செம்பூர் அடுக்குமாடிகளில் பொமரேனியன் என்ற பெயரில் வெள்ளை ஸ்பிட்ஸ் நாய்கள் குடியேறின. 1994-இல் வெளிவந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ படத்தில் வந்த டஃபி என்ற நாய் அந்த இனத்தை நாடெங்கும் அறியவைத்தது. 2003-இல் வந்த ஹட்ச் கைபேசி நிறுவனத்தின் விளம்பரம் பக் இனத்தைத் தேட வைத்தது. தேவை பெருகும்போது பெற்றோர் நாய்களின் காலைப் பார்த்து இணைசேர்க்கும் பொறுமை குறைகிறது. வலியைச் சுமப்பதோ குட்டிதான். தாராவிச் சந்துகளில் திரியும் நாட்டு நாய்க்கு இது பிறவிக் குறையாக வருவது அரிது. அதன் சில்லு விலகியிருந்தால் வண்டி மோதியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

இந்நோய் உள்ள நாய் நன்றாக ஓடும்போதே திடீரென ஒரு பின்னங்காலைத் தூக்கி நாலு எட்டு நொண்டும். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். வீட்டார் கவனிக்கத் தவறுவது இதனால்தான். நோயின் தீவிரத்தை அளக்க, கால்நடை மருத்துவர்களான புட்னம் 1968-இல் வகுத்து, சிங்கிள்டன் 1969-இல் திருத்திய நான்கு நிலைகளே இன்றும் அளவுகோல். முதல் நிலையில் விரலால் தள்ளினால் சில்லு விலகும், விட்டதும் திரும்பும். இரண்டாவதில் தானே விலகித் தானே திரும்பும். மூன்றாவதில் பெரும்பாலும் விலகியே இருக்கும், தள்ளினால் பள்ளத்துக்குள் வரும். நான்காவதில் தள்ளினாலும் வராது.

வலியில்லாத முதல் நிலைக்குக் கத்தி தேவையில்லை. எடையைக் குறைப்பதும், அளவாக நடக்கவைத்துத் தொடைத் தசையை வலுப்படுத்துவதும், வழவழப்பான டைல்ஸ் தரையில் பாய் விரிப்பதும், பாதத்து முடியை வெட்டுவதும் போதும். தொடர்ந்து நொண்டினாலோ நிலை முற்றினாலோ அறுவைதான். பள்ளத்தை ஆழப்படுத்தி, நார் பற்றும் எலும்பு முனையை வெட்டி நேராக நகர்த்திக் கம்பியால் பொருத்தி, மூட்டு உறையை இறுக்குவார்கள். பிறகு சில வாரங்கள் துள்ளவும் மாடிப்படி ஏறவும் விடக்கூடாது. எலும்பு வளைவு முற்றிய குட்டிகளில் பலன் குறைவு. தள்ளிப்போட்டால் குருத்தெலும்பு தேயும், மூட்டுக்குள் இருக்கும் நாரும் அறுந்துபோகலாம்.

நாய் வளர்ப்பு, விற்பனை குறித்த 2017-ஆம் ஆண்டு மத்திய விதிகள் இனப்பெருக்கம் செய்வோரைப் பதிவு செய்யச் சொல்கின்றன. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்பதைத் தடுக்கின்றன. சில்லு விலகும் நாயை இணைசேர்க்காமல் இருப்பதே இந்நோயைக் குறைக்கும் வழி. அதற்கு மருத்துவரின் தேர்ந்த விரல்கள் முட்டியைத் தொட்டுப் பார்த்தாலே போதும்; குட்டி வாங்கப் போகிறவர் தாய் நாய்க்கும் தந்தை நாய்க்கும் அந்தச் சோதனை நடந்ததா என்று கேட்கலாம்.