வெள்ளரிக்காய்: நரேன் மேல் உலகத்துக்கு என்ன கோபம்?

2012 மார்ச் 25, ஞாயிற்றுக்கிழமை. செபாங்கில் மலேசியன் கிராண்ட் பிரி. மறுநாள் ஆபீஸ் கேன்டீனில் நான் அடித்த ஜோக் இன்னும் ஞாபகம் இருக்கிறது. "நம்மூர்க்காரர் ஒருவழியா டிவியில தெரிஞ்சுட்டார்ப்பா, வேர்ல்ட் சாம்பியன் வண்டியைப் பஞ்சர் பண்ணி." எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கோயமுத்தூர்க்காரர்கள். ஜோக் அடித்தவன் பந்தயத்தைப் பாதிதான் பார்த்திருந்தான் என்பது வேறு விஷயம்.

போன மாதம் அந்தப் பந்தயத்தை மறுபடி முழுசாக உட்கார்ந்து பார்த்தேன். அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை. ரசிகர்கள் ஒரு ஓட்டுநரை வெறுப்பது எதனால்? கெட்டவனாக இருப்பதாலா, மோசமாக ஓட்டுவதாலா, இல்லை வேறு ஏதாவதா? இதை ஆராய நரேன் கார்த்திகேயனை விட நல்ல கேஸ் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் நடந்ததைப் பார்த்துவிடுவோம். கடைசிக் கட்டம். செபாஸ்டியன் வெட்டல் நான்காவது இடத்தில் வருகிறார். அப்போதே இரண்டு முறை உலக சாம்பியன், ரெட் புல் வண்டி. நரேனின் ஹெச்ஆர்டி வண்டியை ஒரு சுற்று முந்திப் போகிறார். கடந்து முடிக்கும் நேரத்தில் அவருடைய பின் டயர் நரேனின் முன் இறக்கையில் உரசிக் கிழிகிறது. வெட்டல் கையைத் தூக்கி நடுவிரலைக் காட்டுகிறார். பந்தயத்தை 11ஆவதாக முடிக்கிறார், பாயிண்ட் இல்லை. அப்புறம் ஜெர்மன் நிருபர்களிடம், ரோட்டில் இருப்பது போலவே டிராக்கிலும் சில 'குர்க்கே' சுற்றுகின்றன என்கிற மாதிரி சொல்கிறார். குர்க்கே என்றால் ஜெர்மனில் வெள்ளரிக்காய். பேச்சுவழக்கில் ஒன்றுக்கும் உதவாத ஆள். ஆங்கிலப் பத்திரிகைகள் அதை 'இடியட்' என்று மாற்றிக்கொண்டன. நரேனும் சும்மா இருக்கவில்லை. வெட்டல் அழுகுணிக் குழந்தை மாதிரி நடந்துகொள்கிறார் என்று திருப்பிக் கொடுத்தார். நடுவர்கள் நரேனுக்கு 20 விநாடி தண்டனை போட்டார்கள். அதனால் 21ஆவது இடம் 22ஆவது ஆனது. அந்த இடத்தில் இருப்பவருக்கு அது ஒரு தண்டனையா என்று கேட்காதீர்கள்.

அன்றைக்கு ஜென்சன் பட்டனும் நரேன் வண்டியில் இடித்து முன் இறக்கையை உடைத்துக்கொண்டார். அது தன் தவறுதான் என்று பட்டன் ஒப்புக்கொண்டார். ஆனால் ரசிகர்களின் கணக்கில் இரண்டும் ஒரே ஆள் பேரில்தான் ஏறியது. ஒரே நாளில் இரண்டு உலக சாம்பியன்களைக் கெடுத்த கடைசி வண்டிக்காரர்!

அந்தப் பந்தயத்தின் முதல் பாதியைத்தான் நான் பார்க்காமல் விட்டிருக்கிறேன். மழை. பெரும்பாலோர் இன்டர்மீடியட் டயரில் கிளம்ப, ஹெச்ஆர்டி முழு மழை டயரைப் போட்டு அனுப்பியது. மழை வலுத்ததும் மற்றவர்கள் டயர் மாற்ற உள்ளே ஓடினார்கள், நரேன் ஓடிக்கொண்டே இருந்தார். பந்தயத்தை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கியபோது, கடைசி வரிசையிலிருந்து கிளம்பிய அவர் பத்தாவது இடத்தில் நின்றார். மூன்று சீசனில் ஒரு பாயிண்ட் கூட எடுக்காமல் மூடிய அணி அது. அந்த வண்டி பத்தாவது இடத்தில் நிற்கிறது. இதைப் பற்றி நாங்கள் யாரும் கேன்டீனில் பேசவில்லை.

இப்போது கொஞ்சம் கணக்கு (தொழில் புத்தி, விடாது). செபாங்கில் காய்ந்த டிராக்கில் தகுதிச் சுற்றில், முன்னணி வண்டிகளுக்கும் ஹெச்ஆர்டிக்கும் ஒரு சுற்றுக்கு ஆறேழு விநாடி வித்தியாசம். ஒரு சுற்று ஏறத்தாழ 100 விநாடி. அந்த வித்தியாசம் பந்தயத்திலும் அப்படியே இருந்தால், ஏறக்குறைய 15 சுற்றுக்கு ஒருமுறை முதல் வண்டி வந்து உங்களைப் பிடித்துவிடும். 56 சுற்றுப் பந்தயத்தில் மூன்று முறை. முன்னணிப் பத்து வண்டிகள் மட்டும் என்று வைத்தாலும் முப்பது தடவை நீலக் கொடி. ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைப் பார்த்து, ஓட்டும் கோட்டை விட்டு விலகி, டயரில் அழுக்கை ஏற்றிக்கொண்டு, சூடு போய், மறுபடி கோட்டுக்கு வர வேண்டும். முப்பதில் இருபத்தொன்பது தடவை சரியாகச் செய்தால் டிவியில் காட்ட மாட்டார்கள். முப்பதாவது தடவைதான் ஹைலைட்ஸ். புரொடக்‌ஷன் சப்போர்ட் வேலை பார்த்தவர்களுக்கு இந்த நியாயம் நன்றாகத் தெரியும்.

வழி மறிப்பவன் மேல் வரும் கோபம் ஒரு தனி ரகம். அவினாசி ரோட்டில் டிவிஎஸ் 50ல் தென்னங்கீற்றுக் கட்டு வைத்துப் போகிறவரைப் பார்த்து, பின்னாலிருக்கும் கார்க்காரர் ஹாரன் அடிப்பாரே, அந்தக் கோபம். அவர் யார், எங்கே போகிறார் என்பதெல்லாம் கணக்கில் வராது. நம்ம பக்கத்து ரேக்ளாவில் இந்தப் பிரச்சினையே கிடையாது. 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரம் வைத்து ஒவ்வொரு வண்டியாக விட்டு நேரம் எடுப்பார்கள். மெதுவாக ஓடும் மாட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. அடுத்த வண்டி வந்ததும் மறந்துவிடுவார்கள். எல்லோரையும் ஒரே டிராக்கில் விட்டு, வேகமானவன் மெதுவானவனைத் திரும்பத் திரும்பக் கடக்க வைக்கும் ஆட்டத்தில்தான் கடைசி ஆளுக்கும் வில்லன் வேஷம் கிடைக்கும்.

இரண்டாவது காரணம் காசு. டாட்டா பணத்தில் சீட் வாங்கியவர் என்று நரேனைச் சொல்லாத ஐரோப்பிய ரசிகர் குறைவு. டாட்டா ஆதரவு இருந்தது உண்மை, அவரும் மறைத்ததில்லை, வண்டியிலேயே எழுதியிருந்தது. ஆனால் நிக்கி லௌடா பேங்க்கில் கடன் வாங்கித்தான் சீட் பிடித்தார். அது வீரக்கதையாகச் சொல்லப்படுகிறது. லௌடா அப்புறம் மூன்று முறை சாம்பியன் ஆனார், அதுதான் வித்தியாசம். ஜெயித்துவிட்டால் கடன், தோற்றால் பணம் கொடுத்து வந்தவன்.

நரேன் காசால் மட்டும் வந்தவர் என்று சொல்வதும் சரியில்லை. கோவையில் வளர்ந்த பையன். அப்பா சவுத் இந்தியா ராலியைப் பல முறை ஜெயித்தவர். 1994ல் பிரிட்டனில் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்றார். 1996ல் ஃபார்முலா ஆசியா பட்டம். அப்போது செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே கிடையாது. 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த டிராக் வந்தது 2003ல்தான். 2005ல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன்னின் முதல் இந்திய ஓட்டுநர் ஆனார்.

அந்த வருஷமே இன்னொரு ஸ்பீட்வேயில் இன்னொரு கூச்சல். 2005 ஜூன் 19, இண்டியானாபொலிஸ். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் 13ஆவது திருப்பத்தில் ரால்ஃப் ஷூமாக்கரின் மிச்செலின் டயர் போய் சுவரில் மோதினார். சாய்வான அந்தத் திருப்பத்தில் தங்கள் டயர் முழுப் பந்தயமும் தாங்கும் என்று மிச்செலின் உறுதி சொல்ல முடியவில்லை. சமரசம் எதுவும் எடுபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை, முன்னோட்டச் சுற்று முடிந்ததும் மிச்செலின் போட்ட 14 வண்டிகளும் அப்படியே பிட்டுக்குள் போய்விட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு வண்டி மட்டும் பந்தயம் ஓடியது: இரண்டு ஃபெராரி, இரண்டு ஜோர்டான், இரண்டு மினார்டி. காசு கொடுத்து வந்த கூட்டம் கூச்சல் போட்டது, பாட்டில்களை டிராக்கில் எறிந்தது. மிச்செலின் பின்னால் டிக்கெட் காசைத் திருப்பித் தர வேண்டி வந்தது.

நரேன் நான்காவது. ஐந்து பாயிண்ட். ஃபார்முலா ஒன்னில் ஒரு இந்தியர் எடுத்த முதல் பாயிண்ட், அவர் வாழ்க்கையில் எடுத்ததும் அந்த ஐந்துதான். அந்தக் கூச்சல் அவரைப் பார்த்து இல்லை. ஆனால் கூச்சலுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தது அவர்தானே. 'ஓசி பாயிண்ட்' என்ற பேர் ஒட்டிக்கொண்டது. ஆறு வண்டிதான் ஓடியது என்பது அவர் குற்றமா? ஓடாமல் போன 14 பேரை ஒருத்தரும் ஓசி என்று சொல்வதில்லை.

ஜெயிப்பவர்கள் மேலும் வெறுப்பு உண்டு, அது வேற ஜாதி. அமெரிக்காவில் கைல் புஷ் ஜெயித்தால் மைதானமே ஊளையிடும். அவர் அந்தக் கூட்டத்தைப் பார்த்துக் குனிந்து வணக்கம் வைப்பார். வெட்டல் விஷயத்துக்கே வாருங்கள். வெள்ளரிக்காய் சம்பவத்துக்குச் சரியாக ஒரு வருஷம் கழித்து, 2013 மார்ச் 24, அதே செபாங். முன்னால் போகும் மார்க் வெப்பரை முந்தாதே என்ற அணியின் உத்தரவை மீறி முந்தி ஜெயித்தார். அந்த சீசன் மான்சாவிலும் சிங்கப்பூரிலும் மேடையில் நின்றவரைக் கூட்டம் கூச்சல் போட்டு அவமானப்படுத்தியது. ஜெயித்தவனைத் திட்டும்போது அவன் செய்ததைத் திட்டுகிறார்கள். கடைசி ஆளைத் திட்டும்போது அவன் இருப்பதையே திட்டுகிறார்கள். இந்த இரண்டாவது ரகம்தான் எனக்கு உறுத்துகிறது. கேன்டீனில் நான் செய்ததும் அதுதான்.

2012 கணக்கு எப்படி முடிந்தது தெரியுமா? நான்காம் இடத்துக்கு 12 பாயிண்ட். வெட்டல் அதை இழந்தார். சீசன் முடிவில் வெட்டல் 281, அலோன்சோ 278. மூன்றே பாயிண்டில் பட்டம். அது எதிர்ப்பக்கம் போயிருந்தால் நரேன் பேர் ஜெர்மனியில் இன்றைக்கும் பாடப்பட்டிருக்கும், நல்ல ராகத்தில் இல்லை. இன்னொரு கூத்து: அதே வருஷம் நவம்பரில் அபுதாபி. வண்டிக் கோளாறால் நரேன் திடீரென்று வேகம் குறைய, பின்னால் வந்த நிகோ ரோஸ்பெர்க் அவர் மேல் ஏறிப் பறந்து போய் விழுந்தார். நல்லவேளை, இருவருக்கும் அடியில்லை. சேஃப்டி கார் வந்தது, சிதறியிருந்த வண்டிகள் ஒன்றுசேர்ந்தன. பிட்டிலிருந்து கிளம்பி கடைசியில் கிடந்த ஒருத்தருக்கு இது லாபம். அவர் மூன்றாவதாக முடித்து 15 பாயிண்ட் எடுத்தார். வெட்டல்தான், வேறு யார்? அதற்காக வெள்ளரிக்காய்க்கு யாரும் நன்றி சொன்னதாகத் தெரியவில்லை.

இதையெல்லாம் தேடும்போது கிடைத்த ஒரு தகவலில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 2010ல் நரேன் அமெரிக்காவில் நாஸ்கார் டிரக் தொடரில் சில பந்தயங்கள் ஓட்டினார். ஒன்றும் ஜெயிக்கவில்லை. ஆனால் அந்த வருஷம் அந்தத் தொடரில் ரசிகர்களுக்கு மிகப் பிடித்த ஓட்டுநர் விருது அவருக்குத்தான். ரசிகர்கள் வாக்குப் போட்டுத் தரும் விருது. அந்த வாக்குகளில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து விழுந்திருக்கும் என்பது என் ஊகம். எங்கள் ஆபீஸிலிருந்து விழுந்திருக்காது, அது மட்டும் நிச்சயம்.

2019 நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. ஜப்பானின் ஃபூஜி டிராக், மழை. சூப்பர் ஜிடி வண்டிகளும் ஜெர்மனியின் டிடிஎம் வண்டிகளும் சேர்ந்து ஓடிய பந்தயம். நாகாஜிமா அணியின் ஹோண்டாவில் நரேன் முதலாவதாக வந்தார், 42 வயதில். அன்றைய எங்கள் வாட்ஸ்அப் குழுவைத் தேடிப் பார்த்தேன். கொல்கத்தா பிங்க் பால் டெஸ்ட் அன்றைக்குத்தான் முடிந்திருக்கிறது. நூற்றுச் சொச்சம் மெசேஜ், எல்லாம் அதைப் பற்றித்தான்.