மான்தோலில் எழுந்த ஊர்

மிசூரி ஆற்றுப் பக்கத்துக் காடுகளில் மானை வேட்டையாடுவது ஓசேஜ் பழங்குடி ஆண்களின் வேலையாக இருந்தது. அதன் பிறகான பாடெல்லாம் பெண்களுடையது. தோலை இழுத்துக் கட்டி, ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி, மயிரை மழித்து, மானின் மூளையையே குழைத்துத் தேய்த்துப் பதமாக்குவார்கள். கடல் கடந்தால் அது கையுறையாகும், கால்சட்டையாகும். நடுவழியில் அதை வாங்கி அடுக்கி வைக்க ஒரு கிடங்கு வேண்டியிருந்தது. செயின்ட் லூயிஸ் என்ற ஊர் பிறந்தது அதற்காகத்தான்.

1763 ஆகஸ்டில் நியூ ஆர்லியன்ஸில் சரக்கேற்றிப் புறப்பட்டார் பிரெஞ்சு வணிகர் பியேர் லாக்லேட். மிசிசிப்பியை எதிர்த்து ஏறி வர மூன்று மாதம் ஆயிற்று. பாரிஸ் உடன்படிக்கைப்படி கிழக்குக் கரை அந்த ஆண்டே பிரிட்டன் கைக்குப் போயிருந்தது. அதனால் மேற்குக் கரையில், மிசூரி ஆறு வந்து கலக்கும் இடத்துக்குச் சற்றுத் தெற்கே, வெள்ளம் எட்டாத சுண்ணாம்புக்கல் மேட்டைத் தேர்ந்தெடுத்து மரங்களில் குறி வெட்டிவிட்டுப் போனார். 1764 பிப்ரவரியில் சுமார் முப்பது ஆட்களோடு வந்திறங்கி வேலையைத் தொடங்கியவன் அவருடைய உதவியாளன் ஒகுஸ்த் ஷூட்டோ. வயது பதின்மூன்று, பதினான்கு இருக்கும்.

அதே ஆண்டு மிசூரி என்ற பழங்குடி இனத்தார் குடும்பம் குடும்பமாக அங்கே வந்து தங்கினார்கள். லாக்லேடின் வீட்டு நிலவறையில் பெரும்பகுதியைத் தோண்டியது அவர்களுடைய பெண்களும் பிள்ளைகளும்தான். மரத்தட்டிலும் கூடையிலும் மண்ணை அள்ளித் தலையில் சுமந்தார்கள். கூலியாகச் சிவப்புச் சாயப்பொடியும் தோல் தைக்கும் குத்தூசியும் கிடைத்தன. இதை எழுதி வைத்தவர் ஷூட்டோவே. ஊரை நிறுவியவர்கள் என்று இரண்டு ஆண்களின் பெயரை மட்டும் சொல்வது எனக்கு உறுத்துகிறது.

நாணயம் அரிதாக இருந்த அந்த ஊரில் மான்தோலே பணம். வீடு கைமாறினாலும் கடன் எழுதினாலும் தோலில்தான் விலை பேசினார்கள். கோடையில் பூச்சி அரிக்கும் பணம் அது. கட்டைப் பிரித்து, உதறித் தட்டி, மறுபடி இறுக்கிக் கட்ட வேண்டும். உழவில் யாருக்கும் அவ்வளவு நாட்டமில்லை; ரொட்டிக்கு மாவு பக்கத்து ஊர்களிலிருந்து வர வேண்டியிருந்தது. 1778இல் நியூ ஆர்லியன்ஸ் போய்த் திரும்பும் வழியில் லாக்லேட் இறந்துபோனார். வியாபாரம் நிற்கவில்லை. ஓசேஜ் தோலில் ஷூட்டோ குடும்பம் செல்வம் குவித்தது.

1804இல் ஊர் அமெரிக்காவின் கைக்கு வந்தது. நான்கே ஆண்டுகளில், இன்றைய மிசூரி மாநிலத்தின் பெரும்பகுதியை ஓசேஜ் மக்கள் ஒப்பந்தம் போட்டுக் கொடுக்கும்படி ஆயிற்று. ரொக்கமாக அவர்களுக்குக் கிடைத்தது 1,200 டாலர். அரசின் சார்பில் அதைப் பேசி முடித்தவர் ஒகுஸ்தின் தம்பி பியேர் ஷூட்டோ.