வேலை குறைந்ததால் பிழைத்த ராயபுரம்

ஏற்காட்டுக்கு ஏறும் இன்னொரு மலைப்பாதை குப்பனூர் வழியாகப் போகிறது. குப்பனூருக்கு ரயில் வந்ததில்லை. சேலம் சூரமங்கலம் போய்த்தான் பிடிக்க வேண்டும். மெட்ராஸ் ரயில்வேயின் தண்டவாளம் 1861இல் சேலத்தை எட்டியது. அந்தக் காலத்தில் இந்த மலையடிவாரத்திலிருந்து ரயிலேறிப் பட்டணம் போனவர் கடைசியாக இறங்கிய இடம் ராயபுரம். சென்னை சென்ட்ரல் வந்ததே 1873இல்தான்.

1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் நிலையத்தைத் திறந்துவைத்தார். ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். இடத்தேர்வில் கணக்கு இருந்தது. தெற்கே கோட்டை, பக்கத்திலேயே வணிகர்கள் நெருங்கி வாழ்ந்த கறுப்பர் நகரம், கிழக்கே கடல். துறைமுகம் கட்டப்படாத காலம் அது. கப்பல் சரக்கெல்லாம் மசூலா படகில்தான் கரைக்கு வந்தது.

கட்டடத்தை வடிவமைத்தவர் வில்லியம் டிரேசி. பின்னால் வந்த எழும்பூரின் குவிமாடங்களோ சென்ட்ரலின் கோபுரங்களோ இதற்கு இல்லை. செந்நிறச் சுவருக்கு முன்னால் வெள்ளைத் தூண்கள் வரிசை கட்டி நிற்கின்றன, அவ்வளவுதான். ரயில் என்பதே புதுமையாக இருந்தபோது, நிலையம் எப்படி இருக்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? தெரிந்த மாளிகை பாணியிலேயே கட்டிவிட்டார்கள். எனக்கு அந்த எளிமைதான் பிடிக்கிறது.

1907இல் சென்ட்ரல் தலைமை நிலையமானதும் ராயபுரத்தின் முனைய வாழ்வு முடிந்தது. அங்கிருந்த ரயில்வே தலைமை அலுவலகமும் 1922இல் இடம் மாறியது. அப்புறம் புறநகர் ரயில்கள், துறைமுகத்துக்குப் போகும் சரக்கு ரயில்கள், உதிரும் காரை. 2005இல்தான் புதுப்பித்தார்கள்.

ஆனால் அந்த அலட்சியமே அதைக் காப்பாற்றியிருக்கிறது. 1853இல் நாட்டின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட பம்பாய் போரிபந்தர் நிலையம் இன்று இல்லை. கூட்டமும் அந்தஸ்தும் கூடவே, அங்கே விக்டோரியா டெர்மினஸ் எழுந்தது. ராயபுரத்தை இடித்துப் பெரிதாகக் கட்டும் தேவை யாருக்கும் வரவில்லை. நாட்டில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் என்ற பெயர் அப்படித்தான் அதற்கு வந்தது.

ராயபுரத்தை மறுபடி பெரிய முனையமாக்க வேண்டும் என்று வடசென்னை மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்கிறார்கள். நியாயமான கோரிக்கைதான். புதிய நடைமேடைகளைத் தாராளமாகப் போடட்டும், அந்தத் தூண் வரிசைக்கு அப்பால்.