கொக்கட்டிச்சோலை 1991: கைமோசமா, கொலையா?

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் சொல்வது நம் பகுதியின் பழைய வழக்கு. எழுவான்கரையில் காத்தான்குடி; வாவியைக் கடந்தால் படுவான்கரையில் கொக்கட்டிச்சோலை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அங்கே துறையில் 'பாதை' ஏறித்தான் அக்கரை போக வேண்டியிருந்தது. பத்து மாத இடைவெளியில் இவ்விரு கரைகளிலும் நடந்த இரண்டு படுகொலைகளை நாம் தனித்தனியாகவே நினைவுகூர்ந்து வருகிறோம். ஆனால் கொலை எது, கைமோசம் எது என்ற கேள்வியை எழுப்பும்போது இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

1990 ஓகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இரவு. காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். சிறுவர்கள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதாகினர். புலிகள் பொறுப்பேற்க மறுத்தனர். செய்தவர் யார் என்பதில்தான் மறுப்பு எழுந்ததே தவிர, அது தவறுதலாக நடந்துவிட்டது என்று சொல்ல எவரும் துணியவில்லை. தொழுகையில் நிற்பவன் முதுகில் பாயும் குண்டுக்கு வேறு விளக்கம் கிடையாது.

1991 ஜூன் 12. படுவான்கரையின் மகிழடித்தீவுப் பகுதியில் இராணுவத்தினர் சென்ற உழவு இயந்திரம் கண்ணிவெடியில் சிக்கியது. இரண்டு படையினர் உயிரிழந்தனர். அதையடுத்து மகிழடித்தீவு, முதலைக்குடா ஆகிய கிராமங்களில் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். இரு தரப்பும் சுட்டுக்கொண்டபோது இடையில் அகப்பட்டு இறந்தார்கள் என்ற விளக்கம் முன்வைக்கப்பட்டது. ஜனாதிபதி பிரேமதாச ஒரு விசாரணை ஆணைக்குழுவை நியமித்தார். 67 பேர் கொல்லப்பட்டதாகக் கண்ட அந்த ஆணைக்குழு, மோதலில் அகப்பட்ட சாவு என்ற விளக்கத்தை ஏற்கவில்லை. படையினர் வேண்டுமென்றே மேற்கொண்ட பழிவாங்கலே இச்சாவுகளுக்குக் காரணம் என்று முடிவு செய்தது.

இந்த முடிவின் கனம் விளங்க வேண்டுமானால் நமது தண்டனைச் சட்டக்கோவையைப் புரட்ட வேண்டும். இந்தியத் தண்டனைச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1883இல் இயற்றப்பட்ட அக்கோவை, ஒரு மனிதன் இன்னொருவன் கையால் இறந்தான் என்பதோடு நின்றுவிடுவதில்லை. அந்தக் கையை இயக்கிய மனம் எது என்று கேட்கிறது. 73ஆம் பிரிவு விபத்தைப் பேசுகிறது. ஒருவன் கோடரியால் வேலை செய்துகொண்டிருக்கையில் கோடரித் தலை கழன்று தெறித்துப் பக்கத்தில் நின்றவன் இறக்கிறான். உரிய கவனத்தோடுதான் அவன் வேலை செய்தான் என்றால் அங்கே குற்றமே இல்லை. 298ஆம் பிரிவு அசட்டையாலும் கவனயீனத்தாலும் விளையும் மரணத்துக்கானது. உச்சத் தண்டனை ஐந்து வருடச் சிறை. அதற்கு மேல், நம் நீதிமன்றத் தமிழ் கைமோசக் கொலை என்று குறிப்பிடும், கொலையாகாத மனித உயிர்ப்போக்கல். அதற்கும் மேலே 294ஆம் பிரிவின் கொலை.

உயிரெடுக்கும் எண்ணம் இருந்தால் அது கொலை. சாதாரணமாகவே மரணத்தை விளைவிக்கப் போதுமான காயத்தை ஏற்படுத்தும் எண்ணம் இருந்தாலும் கொலைதான். இன்னாரைக் கொல்ல வேண்டும் என்ற திட்டமே இல்லாதிருந்தாலும்கூடக் கொலையாகலாம். குண்டு நிரப்பிய பீரங்கியை எந்த நியாயமுமின்றிக் கூட்டத்தை நோக்கி வெடிக்கவைப்பவனை அதற்கு உதாரணமாகக் காட்டுகிறது சட்டம். யார் சாவார் என்று அவனுக்குத் தெரியாது. யாரோ சாவார் என்பது தெரியும். அது போதும்.

நமது ஃபிக்ஹு நூல்களும் இதே கேள்வியை நெடுங்காலம் ஆராய்ந்திருக்கின்றன. சூரத்துந் நிஸாவின் 92ஆம் வசனம் தவறுதலாக நிகழும் கொலையையும் 93ஆம் வசனம் வேண்டுமென்றே செய்யும் கொலையையும் பிரித்துப் பேசுகின்றன. இவ்விரண்டுக்குமிடையில், வேண்டுமென்றே செய்ததை ஒத்தது என்ற மூன்றாவது வகையை ஷாஃபிஈ, ஹனஃபீ சட்ட அறிஞர்கள் வைத்தனர். மாலிகீ மத்ஹபின் பிரபலமான கருத்து அதை ஏற்கவில்லை. உள்ளத்திலிருப்பதை அல்லாஹ்வே அறிவான். காழி எப்படி அறிவார்? கையிலிருந்த கருவியைப் பார் என்றார்கள். இமாம் அபூ ஹனீஃபா ஆயுதத்தையும் ஆயுதம் போல் உடலைப் பிளப்பதையும் மட்டும் கணக்கில் எடுத்தார். அவருடைய மாணவர்களான அபூ யூஸுஃபும் முஹம்மதும், வழமையாக உயிரைப் போக்கும் எந்தப் பொருளும் அதில் அடங்கும் என்றனர். ஷாஃபிஈகளின் நிலைப்பாடும் இதுவே. ஆக, எண்ணம் என்பது நெஞ்சுக்குள் பூட்டிவைத்த இரகசியமல்ல. செயலைக் கொண்டு அதைப் படித்தறிய முடியும் என்பதில் மார்க்கச் சட்டமும் நாட்டுச் சட்டமும் ஒன்றுபடுகின்றன.

இந்த அளவுகோலைக் கொக்கட்டிச்சோலையில் வைத்துப் பார்க்கலாம். கண்ணிவெடியில் தோழர்களைப் பறிகொடுத்த சிப்பாய்க்கு ஆத்திரம் வரும். அதை மறுக்க வேண்டியதில்லை. கடுமையான, திடீர்ச் சினமூட்டலால் தன்னடக்கம் இழந்தவனுக்கு 294ஆம் பிரிவே ஒரு விதிவிலக்குத் தருகிறது. ஆனால் அது சினமூட்டியவனைக் கொன்றவனுக்கும், அவனைத் தாக்கப்போய்த் தவறுதலாக வேறொருவனைக் கொன்றவனுக்கும் உரியது. கண்ணிவெடி புதைத்தவன் எங்கோ இருக்க, அயலூர்க்காரர்களைச் சுட்டவனுக்கு அந்தக் கதவு திறக்காது. ஆத்திரம் எண்ணத்தை இல்லாமலாக்குவதில்லை. பல வேளைகளில் எண்ணத்தைப் பிறப்பிப்பதே ஆத்திரம்தான்.

ஆயினும் 1992இல் இராணுவ நீதிமன்றம் அளித்த தீர்ப்பு வேறு திசையில் போயிற்று. படையினர் 19 பேர் விடுவிக்கப்பட்டனர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய அதிகாரி, தன் ஆட்களைக் கட்டுப்படுத்தத் தவறியமைக்காகவும் சடலங்களை முறைகேடாக அகற்றியமைக்காகவும் குற்றவாளியாகக் காணப்பட்டுச் சேவையிலிருந்து நீக்கப்பட்டார். அதாவது, வேண்டுமென்றே செய்தது என்று ஆணைக்குழு கண்டது, கட்டுப்படுத்தத் தவறியது என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. கவனயீனத்தால் ஒரு உயிரைப் போக்கியவனுக்கே ஐந்து வருடம்வரை சிறை விதிக்கலாம் என்கிறது சட்டக்கோவை. இங்கே 67 உயிர்களுக்கு ஒருவரின் பதவி போனது.

இன்னார்தான் சுட்டார் என்று நிறுவப்படாவிட்டால் எந்த நீதிமன்றமும் தண்டிக்கத் தயங்கும். தயங்கவும் வேண்டும். ஆனால் யார் செய்தது என்பது ஒரு கேள்வி, என்ன எண்ணத்தோடு செய்தது என்பது இன்னொரு கேள்வி. பலர் ஒரே எண்ணத்தோடு கூடிச் செய்த குற்றத்துக்கு ஒவ்வொருவரும் தனியே செய்தவர்போல் பொறுப்பாவார் என்று 32ஆம் பிரிவு சொல்வது இத்தகைய சந்தர்ப்பங்களுக்காகத்தான். முதற் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை என்பதற்காக இரண்டாவதை அழித்துவிட முடியாது. சடலங்களை அகற்றியதே குற்றமாகக் காணப்பட்டது என்பதையும் மறக்கலாகாது. கை தவறியவன் ஆட்களைக் கூவி அழைப்பான், மறைக்க மாட்டான்.

குடும்பங்களுக்கு நட்டஈடு வழங்குமாறு ஆணைக்குழு பரிந்துரைத்தது. அதில் குறையில்லை. ஆனால் ஃபிக்ஹில் தவறுதலான கொலைக்குரிய தியத்தைக் கொன்றவனின் 'ஆகிலா' எனப்படும் உறவுக் குழு மூன்று வருடத் தவணையில் கொடுக்கும். வேண்டுமென்றே செய்த கொலைக்கோ கொன்றவனே பொறுப்பு. கொன்றவர்கள் தண்டனையின்றிப் போக, அரசு மட்டும் பணம் கொடுக்கையில், அரசு அந்த ஆகிலாவின் இடத்தில் வந்து நிற்கிறது. பணத்தோடு சேர்ந்து, இது தவறுதல் என்ற சொல்லும் சத்தமின்றிக் கைமாறிவிடுகிறது.

பின்னாளில் சில வழக்குகள் வேறுவிதமாக முடிந்தன. 1996இல் யாழ்ப்பாணத்தில் நடந்த கிருஷாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில் 1998இல் கொழும்பு மேல் நீதிமன்றம் படையினருக்கு மரண தண்டனை விதித்தது. 2000இல் மிருசுவிலில் எட்டுப் பேரைக் கொன்ற வழக்கில் 2015இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2020 மார்ச்சில் குற்றவாளிக்குப் பொதுமன்னிப்பு அளிக்கப்பட்டது. சிவில் நீதிமன்றம் கொலையைக் கொலை என்று சொல்ல வல்லது என்பதை முன்னது காட்டியது. சொன்ன பிறகும் அது நிலைக்க உத்தரவாதமில்லை என்பதைப் பின்னது காட்டியது.

காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலைக்காக நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர் எவருமில்லை. அந்த வலி நம்முடையது. அதனாலேயே படுவான்கரைச் சாவுகளை மோதல், ஆத்திரம், கட்டுப்பாடு தவறியது என்ற சொற்களால் மெழுகும்போது நாம் பேசாதிருக்க முடியாது. நம் ஷுஹதாக்களின் சாவை எவரேனும் தவறுதல் என்றால் நமக்கு நெஞ்சு கொதிக்கும். அக்கரைத் தாய்க்கும் அப்படியே. வாவியின் ஒரு கரையில் கொலையாக இருப்பது மறுகரையில் கைமோசமாகிவிடாது.